விடிகாலையில் எழாத எஞ்சின்

கிள்ளான் துறைமுகத்தின் தெற்குத் துறையில், பூலாவ் கெத்தாமுக்குச் செல்லும் பயணப் படகுகள் புறப்படுவதற்கு வெகு நேரம் முன்பாகவே சம்பான்காரர்களின் நாள் தொடங்கிவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமிகளை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 4 மீட்டர் நீர்மட்ட வித்தியாசம் காணும் இந்தக் கழிமுகத்தில், காலம் தவறிப் புறப்பட நினைக்கும் படகு சேற்றிலே உட்கார்ந்துவிடும். ஆகையால், இருட்டோடு கயிற்றைப் பிடித்து இழுக்கிறவனுக்கு எஞ்சின் எழவில்லையென்றால், அவனுடைய அன்றைய பிழைப்பும் அந்த ஏற்றத்தோடேயே இறங்கிப் போய்விடுகிறது.

பாகான் ஹைலாம் தொடங்கி லங்காட் ஆற்றின் அக்கரையிலுள்ள கேரித் தீவு வரையில், படகுகளின் பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டு எஞ்சின்களைப் பழுதுபார்ப்பதே என் ஜீவனமாக இருந்துவருகிறது. சீனத் தவுக்கேமார்களும், மலாய் மீனவர்களும், தோட்டத்து வேலை ஓய்ந்த நாட்களில் தூண்டிலோடு புறப்படும் நம்மவர்களும் என்னிடம் வந்து முறையிடும் குறைகளில், மற்ற எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும் சமமாகாத அளவுக்குத் திரும்பத் திரும்ப வரும் குறை ஒன்று உண்டு. “காலையிலே உயிரே வரமாட்டேங்குது அண்ணே, கை ஓஞ்சு போற வரைக்கும் இழுக்கணும். ஒருமுறை சூடாயிட்டா, அப்புறம் ஒரே இழுப்பிலே எடுத்துக்குது” என்பார்கள். சொல்லிவிட்டு, பாதிப் பேர் தாங்களே காரணத்தையும் சேர்த்துச் சொல்வார்கள்: ராத்திரி மழை, குளிர்.

என் தகப்பனார் மலாயா ரயில்வேயின் செந்தூல் பட்டறையில் பிட்டராக இருந்தவர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில்தான் நான் வளர்ந்தேன். குடியிருப்புக்கு அப்பால் ஓடிய கிள்ளான் ஆற்றில் அப்போது படகு என்று சொல்லத்தக்கது எதுவும் கிடையாது. ஆனால் 1857 இல் 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் இதே ஆற்றில்தான் படகேறி வந்து, கொம்பாக் ஆறு கூடுமிடத்தில் இறங்கி, ஈயம் தேடி அம்பாங்கை நோக்கி நடந்தார்கள். கோலாலம்பூர் என்ற நகரம் அந்தத் துறையிலிருந்து முளைத்ததுதான். 1886 இல் ரயில் பாதை வந்தபின் ஆற்றுப் படகுகளுக்கு மதிப்புக் குறைந்தது. ரயிலின் சோற்றைத் தின்று வளர்ந்த நான் படகுத் தொழிலுக்கு வந்தேன் என்றாலும், கையிலே ஸ்பானரை எடுக்குமுன் யந்திரத்தைக் கேள்வி கேட்க வேண்டும் என்ற பாடத்தை நீராவி எஞ்சினோடு பழகிய அந்த மனிதரிடமிருந்தே பெற்றேன்.

தொழிலைக் கற்றுக்கொடுத்தவரோ பாகான் ஹைலாமில் பட்டறை வைத்திருந்த ஒரு சீனப் பெரியவர். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓல் எவின்ரூட் 1909 இல் தம் பெயரால் விற்பனைக்குக் கொண்டுவந்த அவுட்போர்டு எஞ்சின், அடுத்த அரை நூற்றாண்டுக்குள் உலகத்தின் கடலோரங்களுக்கெல்லாம் பரவியது. இங்கிலாந்தின் பூல் நகரத்தில் செய்யப்பட்ட பிரிட்டிஷ் சீகல் எஞ்சின் ஒன்றைப் பெரியவர் தம் பட்டறையில் மாட்டி வைத்திருந்தார். பத்துப் பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் கேட்ட அந்தப் பழைய யந்திரத்தை எழுப்புவது ஒரு சடங்கு போலவே இருக்கும்: பெட்ரோல் குழாயைத் திறந்து, கார்புரேட்டரின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குமிழைப் பெட்ரோல் கசியும் வரையில் அழுத்திப் பிடித்து, காற்று வாயை மூடி, கப்பியில் கயிற்றைச் சுற்றி ஒரே வீச்சாக இழுக்க வேண்டும். குமிழை அழுத்துகிறபோது மிதவை தாழ்ந்து கிண்ணம் நிரம்பி வழிகிறது. வாயை மூடுகிறபோது காற்றுக் குறைந்து பெட்ரோல் மிகுகிறது. இன்றைய எஞ்சின்களில் குமிழ் போய் ரப்பர் பல்பும், வாய்மூடி போய் சோக்கும் வந்திருக்கின்றனவே தவிர, தத்துவம் இம்மியும் மாறவில்லை.

அந்தத் தத்துவத்தைச் சற்றே விரித்துச் சொல்கிறேன். பெட்ரோல் திரவமாக இருக்கும்வரையில் எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது எடைக் கணக்கில் பூரணமான கலவை. ஆனால் குளிர்ந்த எஞ்சினுக்குள் நுழையும் பெட்ரோலில் ஒரு பகுதி உலோகச் சுவர்களில் ஈரமாகப் படிந்துவிடுவதால், ஆவியாக மிஞ்சுவது போதாமல் போகிறது. அந்தக் குறையை நிரப்பவே, எழும் நேரத்தில் மட்டும் பெட்ரோலைத் தாராளமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கனடாவிலோ நார்வேயிலோ உறைபனிக் காலத்தில் இது பெரிய பிரச்சினை. நம் கிள்ளானில் விடிகாலை வெப்பம் 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பெட்ரோலோ பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 40 பாகையிலேயே தீப்பற்றுமளவுக்கு ஆவியைக் கொடுத்துவிடும் திரவம். கன்னியாகுமரிக் கரையிலும் கேரளத்திலும் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு எஞ்சின்கள் உண்டு. மண்ணெண்ணெய் 38 பாகையைத் தாண்டினால்தான் அப்படிப்பட்ட ஆவியைக் கொடுக்கும் என்பதால், அங்குள்ள மீனவர் பெட்ரோலில் எஞ்சினை எழுப்பிச் சூடாக்கிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். கரைக்குத் திரும்பி நிறுத்துவதற்கு முன்னும் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, கிண்ணத்திலுள்ள மண்ணெண்ணெயை ஓட்டித் தீர்த்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஆவியின் குறை உண்மையான குறை. பெட்ரோலில் ஓடும் நம் எஞ்சினுக்குக் காலை வேளையின் தட்பத்தைச் சாக்காகச் சொல்ல இடமில்லை.

அப்படியானால் இரவு என்னதான் செய்கிறது? மாலையில் நிறுத்தியதும், மூடிக்குள் அடைபட்ட சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்திலுள்ள பெட்ரோலின் லேசான பகுதி முதலில் ஆவியாகிப் போய், எளிதில் தீப்பிடிக்காத கனமான பகுதி தங்கிவிடுகிறது. குழாயில் எங்கேனும் காற்றுக் கசிவு இருந்தால், பெட்ரோல் தாங்கியை நோக்கிப் பின்வாங்குகிறது. சிலிண்டர் சுவரிலிருந்த எண்ணெய்ப் படலம் வடிந்துவிடுகிறது. உப்புக் கலந்த ஈரக்காற்று மின்னிணைப்புகளின்மேல் படிகிறது. நல்ல எஞ்சின் இவை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு இரண்டொரு இழுப்பில் எழும். எங்கோ ஒரு குறையைச் சுமந்துகொண்டிருக்கும் எஞ்சினால் தாங்க முடிவதில்லை. பகலில் அதன் சொந்தச் சூடே அந்தக் குறையை மூடி மறைத்துவிடுகிறது. காலைச் சிரமத்தைப் படகுக்காரன் ஒரு சில்லறைத் தொந்தரவாக எண்ணிப் பொறுத்துக்கொள்கிறான். நானோ அதை, நடுக்கடலில் பின்னொரு நாள் வரப்போகும் பெரிய ஆபத்தின் முன்னறிவிப்பாகவே எண்ணுகிறேன்.

கார்புரேட்டரைக் கழற்றுவதுதான் வைத்தியம் என்று நம்மில் அநேகர் நினைக்கிறார்கள். நான் முதலில் கழற்றுவது பிளக்கை. வழக்கப்படி சோக்கை இழுத்து, சில முறை கயிற்றை இழுத்தபின், பிளக்கை எடுத்துப் பார்த்தால் அதன் முனை ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை; ஈரமாக இருந்தும் எழவில்லையென்றால் பொறியிலோ அழுத்தத்திலோ குறை, அல்லது பெட்ரோல் அளவு மீறிப் பெருகியிருக்கிறது. இந்த ஒரு பரீட்சையிலேயே எஞ்சினில் பாதி சந்தேகத்திலிருந்து விடுபட்டுவிடுகிறது. அதைச் செய்யாமல் பொருள் மாற்றத் தொடங்குகிறவன், வாடிக்கையாளரின் பணத்தைக் கொண்டு யூகம் செய்கிறவன்.

பிளக் காய்ந்திருந்தால், பெட்ரோல் வரும் வழியைத் தாங்கியிலிருந்தே தொடங்கித் தொடர வேண்டும். தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறக்க மறந்தவர்களை எண்ணி மாளாது. அடுத்தது ரப்பர் பல்பு. இதற்குள் இரண்டு சிறு வால்வுகள் இருக்கின்றன. அம்புக்குறி மேல்நோக்கியிருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து அழுத்தினால்தான் அவை சரியாக அமர்ந்து வேலை செய்யும். நன்றாக அழுத்திக்கொண்டே வர, பல்பு கல்லைப்போல் இறுக வேண்டும். எவ்வளவு அழுத்தியும் இறுகவில்லையென்றால், உள் வால்வு கெட்டிருக்கிறது, அல்லது காற்று நுழைகிறது. காற்று நுழையும் இடம் பெரும்பாலும் தாங்கியிலோ எஞ்சினிலோ குழாய் பூட்டிக்கொள்ளும் கொக்கி முனை; அதனுள்ளிருக்கும் சின்னஞ்சிறு ரப்பர் வளையம் வெயிலில் விறைத்து வெடித்திருக்கும். பெட்ரோல் வெளியே சொட்டாது. ஆகையால் கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் உறிஞ்சும்போது காற்று மட்டும் உள்ளே போகும். ஓடிக்கொண்டிருக்கையில் பெட்ரோல் பம்பு இந்தக் கசிவைச் சமாளித்துக்கொள்ளும். இரவு முழுதும் நின்றபின் காலையில் சமாளிக்க முடியாது. விலை மிகச் சொற்பமான இந்த வளையத்தால் துறைதோறும் எத்தனை தோள்கள் நொந்திருக்கின்றன!

பல்பு இறுகியும் பிளக் காய்ந்தே இருந்தால், அப்போதுதான் கார்புரேட்டரின் பக்கம் திரும்ப வேண்டும். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது சோக்கை. முகப்பில் குமிழை முழுதும் இழுத்துவிட்டோம் என்பதால் உள்ளே தகடு முழுதும் மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. காற்றுப் பெட்டியைக் கழற்றி, விளக்கடித்து உள்ளே நேராகப் பார்க்க வேண்டும். கயிறு இழுக்கும் வேகத்தில் எஞ்சின் உறிஞ்சும் காற்று மிகச் சொற்பம். தகட்டின் ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் அந்தச் சொற்ப இழுவை வீணாகிவிடும். இரண்டு மூன்று கார்புரேட்டர்கள் உள்ள பெரிய எஞ்சின்களில், அவற்றை ஒன்றோடொன்று கோக்கும் கம்பியின் பிளாஸ்டிக் முனை ஒன்று நழுவி, ஒரு கார்புரேட்டர் மட்டும் சோக்கில்லாமல் திறந்தே நிற்பதுண்டு. விரலால் அழுத்திப் பூட்டிவிட்டால் தீர்ந்தது.

சோக்கும் சரியென்றால், மெதுவோட்டத்துக்குப் பெட்ரோல் தரும் சிறு ஜெட்டைச் சந்தேகிக்க வேண்டும். திராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும் நிலையில் எஞ்சினுக்குப் பெட்ரோல் வருவது இந்த ஊசித் துவாரத்தின் வழியாகத்தான். வேகமாக ஓடும்போது வேலை பெரிய ஜெட்டுக்குப் போய்விடுகிறது. அதனால்தான், சிறு ஜெட் பாதி அடைபட்ட எஞ்சினும் கெத்தாம் வரையில் முழு வேகத்தில் போய்வந்து, ஒரு குறையுமில்லாததுபோல் நடந்துகொள்கிறது. வாரக்கணக்கில் படகு சும்மா கிடந்தபோது கிண்ணத்துப் பெட்ரோல் வற்றிப் பிசினாகிப் படிந்ததே இந்த அடைப்பு. இதைக் கம்பியால் குத்தக் கூடாது. பித்தளை மிருதுவான உலோகம், துவாரம் அகன்றுவிட்டால் பிறகு எந்நாளும் கலவை கெட்டுக்கொண்டேயிருக்கும். கார்புரேட்டர் திரவத்தில் ஊறவைத்து, மெல்லிய தூண்டில் நரம்பை நுழைத்து எடுத்து, காற்றடிக்க வேண்டும்.

பொறியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல் வாடை அடங்கியபின், புதுப் பிளக்கை எஞ்சின் உடலில் தரை பிடிக்க வைத்து, நிழலில் இழுத்துப் பார்த்தால், நீலமாகச் சொடுக்க வேண்டும். மஞ்சளாகச் சோர்ந்து விழுந்தால் பலவீனம். முனை இடைவெளி மாடலுக்கேற்ப 0.6 முதல் 1 மில்லிமீட்டர் வரையில் இருக்கும். கையேட்டில் கண்டபடி வைக்க வேண்டும். ஸ்டார்ட்டர் உள்ள எஞ்சினானால், பேட்டரி தளர்ந்து சுழற்சி வேகம் குறைந்தாலே பொறியும் குறைந்துவிடும். பிளக் தொப்பிக்குள் பச்சை பூத்திருந்தால் உப்பின் வேலை.

எல்லாவற்றிலும் சூட்சுமமானதும், அநேகர் கடைசிவரையில் நினைத்துப் பார்க்காததுமான காரணம் ஒன்று இருக்கிறது. கேரித் தீவிலிருந்து ஒரு தம்பி, இரண்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றோடு என்னைத் தேடி வந்தார். வேறொரு பட்டறையில் பிளக், காயில், கார்புரேட்டரின் உட்பொருள்கள் அனைத்தும் மாற்றப்பட்டிருந்தன, நிறையச் செலவு. காலைச் சிரமம் மட்டும் அப்படியே இருந்தது. பெட்ரோல் வந்தது, பொறி நீலமாக இருந்தது, சிலிண்டர் அழுத்தமும் இரண்டிலும் ஒத்திருந்தது. அவரைக் கயிறு இழுக்கச் சொல்லி, நான் ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கார்புரேட்டர் வாய்க்கு எதிரே பிடித்தேன். ஒவ்வோர் இழுப்புக்கும், காற்றை உள்ளே வாங்க வேண்டிய அந்த வாய், பெட்ரோல் துளிகளைக் காகிதத்தின்மேல் துப்பியது.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் கலவை நேரே சிலிண்டருக்குப் போவதில்லை. முதலில் கிராங்க் அறைக்குள் இழுக்கப்பட்டு, அங்கே லேசாக அழுத்தப்பட்டு, பின்புதான் மேலே ஏறுகிறது. உள்ளே வந்த கலவை திரும்பி ஓடாதபடி வாசலில் காவல் நிற்பவை ரீட் வால்வின் மெல்லிய இதழ்கள். இதழ் ஒன்று சற்றே வளைந்து முழுதும் மூடாமல் நின்றாலும், மெதுவான சுழற்சியில் கலவையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடுகிறது. எஞ்சின் எழுந்து நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில் ஓடும்போதோ, திரும்பி ஓட அவகாசமே இல்லாததால் குறை தெரிவதில்லை. தோல் வாசர் தேய்ந்த கைப்பம்பை மெதுவாக அடித்தால் தண்ணீர் ஏறாமலும், விரைந்து அடித்தால் ஏறியும் வருவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தம்பியின் எஞ்சினைத் திறந்தபோது, ஓர் இதழ் மயிரிழை அளவு தூக்கி நின்றது. இன்னொன்றின் மூலை உடைந்து போயிருந்தது.

வளைந்த இதழைத் திருப்பி மாட்டுவது சிலருடைய வழக்கம். அதை நான் கண்டிக்கிறேன். ஒரு பக்கம் வளைந்து களைத்த தகட்டை மறுபக்கம் வளைய வைத்தால் அது முறிந்து எஞ்சினுக்குள்ளேயே விழும். உடைந்த மூலை எங்கே போயிற்று என்று தேடுவதும் அவசியம்: கிராங்க் அறையைக் கழுவி, பிளக் துவாரத்தின் வழியே விளக்கடித்துச் சிலிண்டர் சுவரில் கீறல் உண்டா என்று பார்த்தோம். நல்லவேளையாகச் சுவர் சுத்தமாக இருந்தது. துண்டு எரிந்த புகையோடு வெளியேறியிருக்க வேண்டும். இதழ்களை முழுத் தொகுதியாக மாற்றியபின், எஞ்சினை அன்றிரவு பட்டறையிலேயே நிறுத்திவைத்து, மறுநாள் விடிகாலை அவரையே இழுக்கச் சொன்னேன். எடுத்துக்கொண்டது.

இதே போன்ற லட்சணத்தைத் தேய்ந்த பிஸ்டன் வளையங்களும் காட்டும். பிளக் துவாரத்தில் சில சொட்டு எண்ணெய் விட்டு அழுத்தமானியில் மறுபடி அளந்தால், அழுத்தம் கணிசமாக ஏறுமானால் குற்றவாளி வளையம்தான். அது பெரிய வேலை, தள்ளிப்போடக் கூடாத வேலை.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. எளிதில் எழாத எஞ்சினுக்குக் காற்று வாயில் ஈதர் ஸ்பிரே அடிக்கும் பழக்கம் துறைகளில் பரவியிருக்கிறது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குள் எண்ணெய் போவது பெட்ரோலோடுதான். ஈதரில் எண்ணெய் இல்லை. அது மீந்திருக்கும் படலத்தையும் கழுவிவிட்டு, பேரிங்கும் பிஸ்டனும் வறட்சியாக உராயும்படி செய்கிறது. அடங்காத வேகத்தில் வெடித்து வளையங்களையும் உடைக்கக்கூடும். காலையில் ஒரு நிமிஷத்தை மிச்சப்படுத்திக்கொள்ள எஞ்சினின் ஆயுளையே விலையாகக் கொடுப்பது நியாயமா?

இப்போது ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பெருகிவருகின்றன. சோக்குக் குமிழே இல்லாத சில கார்புரேட்டர் மாடல்களில், மின்சாரத்தால் சூடேறி நீளும் ஒரு சிறு தண்டு, எஞ்சின் எழுந்த சற்று நேரத்தில் மிகைப் பெட்ரோலின் வழியை அடைத்துவிடுகிறது. அது நீண்டபடியே சிக்கிக்கொண்டால் மறுநாள் காலையில் மிகைப் பெட்ரோல் கிடைக்காது. பெட்ரோலைப் பீய்ச்சும் புது ரகங்களிலோ, எஞ்சினின் சூட்டை அளக்கும் சென்சார் கெட்டு, குளிர்ந்த எஞ்சினைச் சூடானதென்று கணினிக்குப் பொய் சொன்னால், அதுவும் பெட்ரோலைக் குறைத்துக் கொடுத்துவிடும். கருவிகள் மாறினாலும், கேட்க வேண்டிய கேள்வி பாகான் ஹைலாம் பெரியவர் சீகலிடம் கேட்ட அதே கேள்விதான்: எழும் நேரத்துக்கு வேண்டிய பெட்ரோல் வந்து சேர்ந்ததா?

படகு வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. காலையில் எழ மறுக்கும் எஞ்சினைப் பட்டறைக்குக் கொண்டுவருவதற்கு முன், கஷ்டப்பட்டு எழுப்பி, ஓட்டிச் சூடாக்கி, “இதோ பாருங்கள், இப்போது ஒரே இழுப்பில் எடுக்கிறது” என்று காட்டாதீர்கள். சூடான எஞ்சினில் அந்தக் குறையைத் தேடுவது வீண் வேலை. முதல்நாள் மாலையிலேயே கொண்டுவந்து விட்டுவிடுங்கள். அல்லது ஓட்டாமல் இழுத்துக்கொண்டு வாருங்கள். பல்பு இறுகுகிறதா, எத்தனை இழுப்பு ஆகிறது, எழும்போது புகை எப்படி, எழுந்தபின் உடனே அணைகிறதா என்று நாலைந்து காலைகள் கவனித்து வந்து சொல்லுங்கள். தாங்கியில் பழைய பெட்ரோல் இருந்தால், அதை ஊற்றிவிட்டு வராமல், அப்படியே கொண்டுவாருங்கள். அதையும் நான் பார்க்க வேண்டும்.